மூன்றாவது முடிச்சு

பொறுத்தார் பூமி ஆள்வார் என்று பெரியவர்கள் சொல்லிவிட்டுப் போய்விட்டார்கள். அவர்களில் ஒருவர்கூடக் கல்யாணத்தில் போட்டோ பிடித்தவர் இல்லை. பொறுமையாக இருந்தே குடும்ப மானத்தைக் கப்பலேற்றிய ஆள் நான்.

இப்போது கடல் அலையையும், அதன்மேல் பலகை போட்டுச் சறுக்குகிற பையன்களையும் படம் பிடிப்பதுதான் என் தொழில். "எப்படி சார் இந்தத் துறைக்கு வந்தீங்க?" என்று பேட்டிக்கு வருகிற பிள்ளைகள் கேட்பார்கள். கடல்மேல் ஆசை, சின்ன வயசுக் கனவு என்று எதையாவது சொல்லி அனுப்பிவிடுவேன். உண்மை என்னவென்றால், கல்யாணப் பந்தலுக்குள் என்னை யாரும் சேர்க்கவில்லை.

பழவேற்காட்டுக்குத் தெற்கே ஒரு குப்பத்தில் பிறந்தவன் நான். நைனாவுக்குக் கட்டுமரம். எனக்கோ மரத்தில் கால் வைத்தாலே குடல் வாய்க்கு வந்துவிடும் (மீனவன் மகனுக்குக் கடல் ஒத்துக்கொள்ளாதது எங்கள் ஊரில் கொலைக்குற்றத்துக்கு ஒரு படி கீழே). கரையில் நின்று அலையைப் பார்ப்பது மட்டும் எவ்வளவு நேரமானாலும் அலுக்காது. "இவன் கடல வேடிக்கை பாக்கவே பொறந்தவன்" என்று நைனா தலையில் அடித்துக்கொள்வார். எனக்காக அவரோடு மல்லுக்கு நின்றவள் என் அக்கா அஞ்சலை. தெரிந்தவர் ஒருவரைப் பிடித்து, திருவள்ளூர் தேரடியில் இருந்த ஒரு ஸ்டுடியோவில் அவள்தான் என்னை வேலைக்குச் சேர்த்துவிட்டாள்.

அமாவாசைக்குக் குளத்தில் முழுக்குப் போட வருகிற கூட்டம் ஈரத்தலையோடு எங்கள் ஸ்டுடியோவுக்கு வந்து குடும்பப் படம் எடுத்துக்கொள்ளும். ஒரு பிலிம் சுருளில் பன்னிரண்டு படம். கடைசியில் இரண்டோ மூன்றோ மிஞ்சும். அந்த மிச்சத்தையும் ஒரு ஓட்டைக் காமிராவையும் முதலாளி லீவு நாளில் எனக்குக் கொடுப்பார். நான் பஸ் மாறி மாறிக் கடற்கரைக்கு ஓடுவேன்.

மூன்றே படத்தை வைத்துக்கொண்டு கடல் முன்னால் நிற்கிறவன் இஷ்டத்துக்கு அமுக்க முடியாது. முதல் அலை பந்தா காட்டிவிட்டுக் கரைக்கு வருமுன் சப்பென்று போய்விடும். இரண்டாவது கொஞ்சம் தேவலை. பல்லைக் கடித்துக்கொண்டு நின்றால் மூன்றாவது எழும்பும் பாருங்கள், அதைத்தான் அமுக்க வேண்டும். கடலுக்கு இப்படி ஒரு சட்டம் உண்டா என்று எனக்குத் தெரியாது. எனக்கு இருந்தது.

எழுபதுகளின் தொடக்கத்தில் அக்காவுக்குக் கல்யாணம் நிச்சயமானது. மாப்பிள்ளை தேசப்பன் மாமா. கும்மிடிப்பூண்டிப் பக்கம் புதுசாக எழும்பிக்கொண்டிருந்த தொழிற்பேட்டையில் ஒரு இரும்புக் கம்பெனியில் வேலை. அங்கே இன்னொரு ஆளும் தேவையாம். நைனா உடனே என்னைக் கூப்பிட்டார்.

"கல்யாணத்துக்கு நீதான் படம் புடிக்கிற. நல்லா வந்துச்சுன்னா அந்தப் பொட்டியோடவே பொழச்சிக்க. இல்லேன்னா மாப்ளகூடக் கம்பெனிக்குக் கெளம்பு. அப்பறம் பொட்டி கிட்டின்னு பேச்சே வரக்கூடாது, இன்னா?"

அக்கா மட்டும் தனியாக வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். "சேகரு, எனக்கு நூறு படம் வாணாம்டா. அவரு எனக்குத் தாலி கட்றாமாரி ஒண்ணே ஒண்ணு போதும்."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஒன்று என்ன, உலகமே பார்த்திராத மாதிரி எடுக்கிறேன் என்று சத்தியம் செய்தேன் (இந்தச் சத்தியத்தை மட்டும் நான் காப்பாற்றினேன்).

முதலாளி நல்ல காமிராவைக் கொடுத்தார். இடுப்பளவில் பிடித்துக்கொண்டு குனிந்து மேலே பார்க்கிற ரகம். கூடவே ப்ளாஷ். அதில் ஒரு பல்பு ஒருமுறைதான் எரியும். எரிந்தால் சூட்டோடு கழற்றிப் புதுசு மாட்டி, பிலிமையும் சுற்றிவிட்டுத்தான் அடுத்த படம். "எது போனாலும் போகட்டும், மாங்கல்ய தாரணம் மட்டும் போகப்படாது. ஒரே சான்ஸ்தாண்டா உனக்கு" என்று சொல்லி அனுப்பினார்.

பந்தலில் நல்ல கூட்டம். தட்டில் தாலி வந்தது. கெட்டிமேளம் கொட்டியது. நாலாபக்கமும் அரிசி பறந்தது. குனிந்து பார்க்கிறேன். மாமாவின் கைகள் அக்காவின் கழுத்துக்குப் பின்னால் போகின்றன. யாரோ ஒருவரின் முழங்கை குறுக்கே வந்தது. விரல் பட்டன்மேல்தான் இருக்கிறது. ஆனால் உள்ளேயிருந்து கடல் சொல்கிறது: முதல் முடிச்சை நம்பாதே, போகவிடு. போகவிட்டேன். இரண்டாவது வந்தது. தேவலை என்றுதான் தோன்றியது, இருந்தாலும் பொறுத்தேன். மூன்றாவது முடிச்சு! முழங்கை விலகியது, அரிசி மழை நின்றது, அக்கா தலைகுனிந்து லேசாகச் சிரித்தாள். அமுக்கினேன். பந்தலே பளீரென்று வெளுத்தது. பிடித்துவிட்டேன் என்று வாய்விட்டே கத்தினேன்.

எங்கள் வழக்கத்தில் முதல் முடிச்சை மாப்பிள்ளை போடுவார். மற்ற இரண்டையும் நாத்தனார் போடுவாள். இது கைக்குழந்தைக்கும் தெரியும். எனக்கும் காதால் கேட்டுத் தெரியும். ஆனால் நான் போன கல்யாணங்களில் எல்லாம் கெட்டிமேளம் கேட்டதும் பந்தியில் இடம் பிடிக்க ஓடியிருக்கிறேனே தவிர, நின்று பார்த்ததில்லை.

திருவள்ளூரில் இருட்டறை. சிவப்பு விளக்கின் கீழே மருந்துத் தட்டை ஆட்டினேன். தாளில் முதலில் அக்காவின் முகம் வந்தது, அம்மன் மாதிரி. பிறகு தாலிக் கயிறு. பிறகு கயிற்றைப் பிடித்த இரண்டு கைகள். கை நிறையக் கண்ணாடி வளையல். மாமாவின் தங்கை பவுனு, பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டு தாலி கட்டுகிறாள். ஓரத்தில் ஒரு ஆள் தலையைச் சாய்த்துக் காதுக்குள் போன அரிசியை நோண்டிக்கொண்டிருக்கிறார். அவர்தான் மாப்பிள்ளை.

முதலாளி கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தார். "ஏண்டா, இது யாரு?"

"மாப்ள சார்."

"இவனா? பந்திக்கு எப்போ கூப்பிடுவான்னு நிக்கறவனாட்டமா இருக்கான்!"

நான் அங்கேயே சுவரோரம் உட்கார்ந்துவிட்டேன். அழுகை வரவில்லை. இனி ஜென்மத்துக்கும் எதுவும் வராது என்று தோன்றியது. அக்கா என்னிடம் கேட்டதே அந்த ஒன்றுதான். மற்ற பதினொரு படமும் நன்றாகவே வந்திருந்தன. அதில் ஒன்று பந்திக்கு வைத்த பூசணிக்காய்க் குவியல், அவ்வளவு தத்ரூபம்.

வீட்டில் படத்தைக் கொடுத்தேன். "எதுக்குடா மொத முடிச்ச உட்ட?" என்று நைனா கேட்டார். அலைக் கணக்கைச் சொன்னேன். சொல்லும்போதே அது எவ்வளவு கேவலமாக இருக்கிறது என்று எனக்கே கேட்டது.

"கடல்ல ஒண்ண உட்டா இன்னொண்ணு வரும். உங்கக்காவுக்கு இன்னொரு தாலி வருமாடா, பேமானி?"

அக்கா படத்தை வாங்கி நெடுநேரம் பார்த்தாள். ஒரு சொட்டுக் கண்ணீர் விழுந்ததை முந்தானையால் ஒற்றி எடுத்தாள். "எம்மூஞ்சி நல்லாத்தான் கீது" என்றாள். என்னைத் திட்டியிருந்தால் தேவலையாக இருந்திருக்கும். அந்தப் படத்தையே சட்டம் போட்டுத் தன் வீட்டில் மாட்டிக்கொண்டாள்.

அடுத்த வாரமே மாமாவோடு கம்பெனிக்குப் போனேன். நாள் முழுக்க இரும்பு தேய்க்கும் வேலை. மூக்கைச் சிந்தினால் கறுப்பாக வரும். கடல் அங்கேயிருந்து அப்படி ஒன்றும் தூரமில்லை, ஆனால் மெஷின் சத்தத்தில் அது இருப்பதே மறந்துபோகும். அந்த வருஷங்களைப் பற்றி நகைச்சுவையாக எழுத எனக்குக் கை வரவில்லை. உயிரோடு இருந்தேன், அவ்வளவுதான்.

சாண் பிள்ளையானாலும் ஆண் பிள்ளை என்று ஒரு நாள் ரோஷம் வந்து பழைய காமிரா ஒன்றை வாங்கினேன். கல்யாணப் படம் எடுத்துத் தரேன் என்று மணவாள நகர் தொடங்கிப் பொன்னேரி வரைக்கும் கேட்டுப் பார்த்தேன். கதை எனக்கு முன்னாலேயே போய்ச் சேர்ந்திருந்தது. "நாத்தனார் போட்டோகாரன் வந்துகீறான்" என்று சொல்லிக் கதவைச் சாத்தினார்கள். முகூர்த்த நாளில் மற்ற போட்டோக்காரர்கள் எல்லாம் பந்தலில் இருக்க, ஊரில் சும்மா இருந்த ஒரே காமிரா என்னுடையது. அதைத் தூக்கிக்கொண்டு கடலுக்குப் போனேன். வேறு போக்கிடமில்லாமல் எடுத்த அந்த அலைகளில் ஒன்றை ஒரு காலண்டர்காரர் வாங்கினார். அப்படித்தான் நான் கலைஞன் ஆனேன்.

மாமா நல்ல மனுஷன். ஆனால் சண்டை வந்தால் போதும், சுவரைக் காட்டுவார். "நான் எங்கடி உனக்குத் தாலி கட்னேன்? பவுனுதான் கட்னா. சோறு துணியெல்லாம் அவளாண்ட போயி கேளு!"

போன வருஷம் மாமா போய்விட்டார். கருமாதியன்று பெரிய பொம்பளைகள் தாலி வாங்க அக்காவைச் சுற்றி உட்கார்ந்தார்கள். நான் வாசலில் நின்றேன். பார்க்கத் தெம்பில்லை. "குனிம்மா அஞ்சலை, கயட்டிடலாம்" என்று ஒருத்தி கையை நீட்டினாள்.

அக்கா எழுந்தாள். நேரே போய்ச் சுவரிலிருந்த படத்தைக் கழற்றிவந்து நடுவில் வைத்தாள்.

"நல்லா பாருங்க. யாரு கட்றது? எங்கூட்டுக்காரு காதக் கொடஞ்சிக்கினு கீறாரு. கட்னவ தோ, குத்துக்கல்லாட்டம் குந்திகினு கீறா. அவ போவட்டும், அப்பறம் கயட்றேன்."

அண்ணனுக்காக அழுது அழுது முகம் வீங்கியிருந்த பவுனு, படத்தைக் கையில் வாங்கிக் கிட்டே வைத்துப் பார்த்தாள். மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"ஆமா. நான்தான் கட்னேன். நான் உசுரோட கீறப்போ எவடி அது கைய வைக்கிறவ?"

அக்கா கழுத்தில் தாலி அப்படியே இருக்கிறது. இப்போது அக்கா வீட்டுக்கு வந்த பவுனு லேசாக இருமினால்கூட எங்கள் வீட்டுப் பேரப்பிள்ளைகள், "ஆயா, உங்க ஊட்டுக்காரு இருமுறாரு, கசாயம் வெச்சிக் குடுங்க" என்று கத்துகிறார்கள். அக்காவும் முணுமுணுத்துக்கொண்டே எழுந்து அடுப்படிக்குப் போகிறாள்.