எந்தப் பக்கம் பாம்பு?

நான் ஒரு இரசாயனவியல் ஆசிரியை. ஆகவே முட்டாள்தனம் செய்தால்கூட அட்டவணை போட்டு, முறைப்படிதான் செய்வேன். மற்றவர்களுடைய முட்டாள்தனம் அரை நாளில் முடிந்துவிடும். என்னுடையது ஆறு வாரம் நடந்தது. என் தம்பியின் கலியாணத்தையே குழப்பப் பார்த்தது.

எல்லாம் என் நெற்றியில் தொடங்கியது. இரண்டு புருவங்களுக்கும் நடுவில் நெட்டுக்கு இரண்டு கோடுகள். பதினெட்டு வருடம் பத்தாம் வகுப்பு விடைத்தாள் திருத்தினால் யாருக்கும் வரும். (தண்ணீருக்கே புதிதாகச் சூத்திரம் கண்டுபிடிக்கிற பிள்ளைகள்.) அந்தச் செல்வங்கள் எனக்கு வைத்திருக்கும் பட்டப்பெயர் "பதினொண்டு" என்று தெரியவந்த அன்று, வீட்டுக்கு வந்து கண்ணாடியைப் பார்த்தேன். பதினொன்றேதான். அச்சடித்த மாதிரி இருந்தது.

ரொறன்ரோவில் இருக்கிற சித்தி மகளிடம் புலம்பினேன். அவள் ஊருக்கு வந்த ஒருவரிடம் இரண்டு சின்னப் போத்தல்கள் கொடுத்தனுப்பினாள். இரண்டும் பெப்டைட் சீரம். அதாவது அமினோ அமிலங்களைச் சங்கிலியாகக் கோத்துச் செய்த பூச்சு. ஒன்றில் ஆறு அமிலம் கோத்திருந்தது. மற்றது, ஒரு பாம்பின் விஷம் தசையை அசையவிடாமல் பண்ணுவதைப் பார்த்து, அதே வேலைக்காக ஆய்வுகூடத்தில் செய்தது. இரண்டுமே, சுருக்கம் விழுத்துகிற தசையைப் போய் "கொஞ்சம் சும்மா இரு" என்று சொல்லுமாம். அந்தச் சாமான் தோலைத் தாண்டி உள்ளே போவதே சந்தேகம் என்று எனக்குத் தெரியும். தெரிந்து என்ன? வகுப்பில் நிற்கிற நான் வேறு, கண்ணாடிக்கு முன்னால் நிற்கிற நான் வேறு.

இரண்டில் எது திறம் என்று ஒப்பிட்டுப் பார்க்க வேண்டாமா? நெற்றியின் நடுவில் கற்பனையாக ஓர் எல்லை போட்டேன். இடப்பக்கம் ஆறு அமிலம், வலப்பக்கம் பாம்பு. காலையும் மாலையும் இரண்டிரண்டு துளி, மொத்தம் எட்டு வாரம்.

என் கணவர் போத்தலை எடுத்து வாசித்தார்.

"பாம்போ? உமக்கென்ன விசரே?"

"விஷமில்லையப்பா. விஷம் மாதிரி."

"அப்ப நான் இனி இடப்பக்கத்தாலை வாறன்" என்றவர், அன்றிலிருந்து கட்டிலில் பக்கம் மாறிப் படுத்தார்.

அதோடு விட்டிருந்தால் ஊர் தப்பியிருக்கும். ஆனால் பரிசோதனை என்றால் நியாயமாக நடக்க வேண்டுமே. நான் சிரிக்கும்போது வலக்கன்னம் கொஞ்சம் கூட ஏறும். முறைக்கும்போது இடப்புருவம் முந்தும். ஒரு பக்கத்துக்கு வேலை கூடினால் ஒப்பீடு பிழையாகிவிடும். எனவே விஞ்ஞான உலகத்தின் நன்மை கருதி முடிவெடுத்தேன்: எட்டு வாரத்துக்குச் சிரிப்பும் இல்லை, முறைப்பும் இல்லை. முகம் அடையாள அட்டைப் படத்தில் இருக்கிற மாதிரியே இருக்கும். வெட்கத்தில் இந்த விதியை மட்டும் ஒருவருக்கும் சொல்லவில்லை. என் கணவர் தன்னோடுதான் கோபமென்று நினைத்து, கேளாமலே சந்தைக்குப் போய்வரத் தொடங்கினார். அவரைத் திருத்த எனக்கு மனம் வரவில்லை.

வகுப்பில் பிள்ளைகள் நடுங்கினார்கள். முறைக்கிற ரீச்சரை அவர்களுக்குப் பழக்கம். முறைக்காத ரீச்சர் என்ன செய்வா என்று தெரியவில்லை. தேவாலயத்தில் போதகரின் மனைவி கையைப் பிடித்து, "தங்கச்சி, விசுவாசத்திலை ஏதும் குழப்பமோ?" என்று கேட்டார். "இல்லை அக்கா, சந்தோசமா இருக்கிறன்" என்றேன், மரண அறிவித்தல் வாசிக்கிற முகத்தோடு. அடுத்த ஞாயிறு எனக்காக ஜெபித்தார்கள்.

ஆறாம் வாரம், தம்பி ரூபனுக்குக் கொடிகாமத்தில் பெண் பார்க்கப் போனோம். அவனுக்கு முப்பத்தாறு வயது. வந்த பேச்செல்லாம் குழம்பிப்போனவை. இந்த ஷர்மினியை மட்டும் அவனுக்கு முதலே பிடித்திருந்தது. அவள் வேலை செய்கிற தபாற்கந்தோருக்குச் சும்மா சும்மா போய் முத்திரை வாங்கி, வீட்டில் முத்திரை குவிந்து கிடந்தது. எங்களுக்கு அம்மாவும் இல்லை, அப்பாவும் இல்லை. ஆகவே மாப்பிள்ளை பகுதி என்றால் நான்தான். பெண் வீட்டார் நாங்கள் சொல்வதைக் கேட்பதில்லை, மூத்த பொம்பிளையின் முகத்தைத்தான் பார்ப்பார்கள். அந்த முகத்தை நான் பெப்டைட்டுக்குக் குத்தகைக்குக் கொடுத்திருந்தேன்.

ஷர்மினி தேத்தண்ணி கொண்டுவந்து, என்னைப் பார்த்து அழகாகச் சிரித்தாள். நான் பார்த்தேன். (பார்த்தேன், அவ்வளவுதான்.) அவளுடைய தகப்பன், மின்மானி வாசிக்க வந்தவரைத் தன் மாடு துரத்தி மதில் மேல் ஏற்றிய கதையைச் சொன்னார். என் கணவர் தேத்தண்ணி புரைக்கேறச் சிரித்தார். எனக்கும் உள்ளே சிரிப்புக் குமுறியது. பல்லைக் கடித்துக்கொண்டு, மூலகங்களை ஐதரசனிலிருந்து வரிசையாக நினைத்தேன்.

தாய் மெல்லக் கேட்டார்: "ரீச்சருக்குப் பலகாரம் பிடிக்கேல்லைப் போல?"

"நல்லாயிருக்கு" என்றேன்.

"பிள்ளை கொஞ்சம் மெலிவுதான்..."

"பறவாயில்லை" என்றேன்.

ஷர்மினி சிரிப்பை விட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள். நானோ ஒரு தசைகூட அசையவில்லை என்று மனதுக்குள் என்னைப் பாராட்டிக்கொண்டிருந்தேன்.

மறுநாள் காலை கலியாணம் பேசிய அண்ணை தொலைபேசி எடுத்தார். "தங்கச்சி, அவை வேண்டாமெண்டிட்டினம். மாமி இல்லாத வீடெண்டு சந்தோசப்பட்டவையாம். உந்த மச்சாளோடை தங்கடை பிள்ளை சீவிக்கேலாதாம்."

ரூபன் கத்தவில்லை. கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன். சாப்பாட்டைத் தள்ளிவைத்துவிட்டு, "அக்கா, உனக்கு அவளைப் பிடிக்கேல்லை எண்டால் முதலே சொல்லியிருக்கலாமே. நான் ஆசைப்பட்டிருக்க மாட்டன்" என்றான். எனக்கு அழுகை வந்தது. வந்தவுடன், 'ஐயோ, இடப்பக்கம் சுருங்கப்போகுதே' என்று நினைத்தேன். அந்த ஒரு நினைப்புக்காக இன்றைக்கும் வெட்கப்படுகிறேன்.

அன்றே இரண்டு போத்தல்களையும் கைப்பையில் போட்டுக்கொண்டு கொடிகாமத்துக்கு பஸ் ஏறினேன். படலையடியில் என்னைக் கண்ட தாய், "ஐயோ, அவ திரும்பி வாறா!" என்று உள்ளே ஓடியது நன்றாகவே கேட்டது. கதிரை தந்தார்கள். பலகாரம் தரவில்லை. போத்தல்களை மேசையில் வைத்து, அமினோ அமிலத்திலிருந்து அடையாள அட்டை முகம்வரை ஒன்றும் விடாமல் சொன்னேன். மூன்று பேரும் என் வகுப்பின் கடைசி வாங்குப் பிள்ளைகள் மாதிரி வாய்பிளந்து கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

தகப்பன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கிட்ட வந்தார். "அப்ப எந்தப் பக்கம் பாம்பு?"

"வலப்பக்கம்."

"பிள்ளை, இஞ்சை வந்து பார். உனக்குத்தான் கண் நல்லம்."

ஷர்மினி குனிந்து, கிறுக்கல் விலாசம் வாசிப்பது போல என் நெற்றியைக் கவனமாகப் பார்த்தாள்.

"அக்கா, குறை நினையாதேங்கோ. ரெண்டு கோடும் அப்பிடியே கிடக்கு. பதினொண்டு மாதிரி."

ஆறு வாரச் சிரிப்பும் ஒரேயடியாக வந்தது. கதிரை ஆடியது. கண்ணீர் கொட்டியது. "மாடு... அந்த மாடு..." என்று முதல் நாள் சிரிக்காததற்கும் சேர்த்துச் சிரித்தேன். தகப்பனுக்குச் சந்தோசம் தாங்கவில்லை. கதையை முதலிலிருந்து திரும்பச் சொன்னார். பலகாரத் தட்டு வந்தது. நான் ஷர்மினியின் கையைப் பிடித்து, "எங்கடை வீட்டிலை முத்திரை வைக்க இனி இடமில்லை. தயவுசெய்து அவனைக் கட்டு பிள்ளை" என்றேன்.

கட்டினாள். மிஞ்சிய சீரத்தை என் கணவர் மோட்டார் சைக்கிள் சீற்றில் பூசிப் பார்த்தார். அதிலும் சுருக்கம் போகவில்லை.

இப்போதும் எங்கள் பகுதியில் யாருக்குப் பெண் பார்க்கப் போனாலும் என்னையும் கூட்டிப்போகிறார்கள், சோதனை செய்துதான். போன மாதம் என் கணவரின் அக்கா மகனுக்காகச் சுன்னாகம் போனோம். படலையைத் திறக்க முதல் ஷர்மினி என்னை மறித்தாள்.

"மச்சாள், ஒருக்காச் சிரிச்சுக் காட்டுங்கோ."

சிரித்தேன்.

"பாம்புப் பக்கம் காணாது" என்றாள். "இன்னும் கொஞ்சம்."