ஒரே ஞாயிறில் பதினாலு நாள்

பீளமேட்டில் ஒரு பம்ப் கம்பெனியில் டிசைன் பார்க்கும் பாலகோபால், இனிமேல் தன் வலது முட்டியிடம் நேர்மையாக நடந்துகொள்வது என்று முடிவெடுத்தார். சனிக்கிழமை மாலை எடுத்த முடிவு. ஞாயிறு காலை பதினொரு மணி வரை உயிரோடு இருந்தது.

முட்டிக்கும் அவருக்கும் பதினோரு வருடப் பகை. ஷட்டில் ஆடும்போது எகிறிக் குதித்தார். உடம்பு திரும்பியது, கால் திரும்பவில்லை. ஜவ்வு அறுந்தது. ஆபரேஷன் நன்றாகத்தான் நடந்தது. ஒன்பது மாதம் பயிற்சி செய்யச் சொன்னார்கள். ஆறாவது வாரம் மாடிப்படி ஏற முடிந்ததும், "அதான் நடக்குதில்ல" என்று விட்டுவிட்டார். அந்தச் சோம்பலுக்கு நாற்பத்தாறு வயதில் பதில் வந்திருக்கிறது. தொடை சூம்பி, மூட்டு தேய ஆரம்பித்துவிட்டது. நினைத்தால் தன்னையே நாலு அறை அறையலாம் போலிருக்கும்.

இந்த நிலைமையில் ஓர் ஆசை. மகள் சைத்ராவின் ஷட்டில் கிளப்பில் பெற்றோரும் பிள்ளையும் ஜோடியாக ஆடும் போட்டி. அடுத்த வருடம் அவள் வெளியூர்க் கல்லூரிக்குப் போய்விடுவாள். அதற்குள் மகளோடு ஒரே ஒரு ஆட்டம் ஆடிவிட வேண்டும்.

பிசியோதெரபிஸ்ட் ரூபினா ஒரு நிபந்தனை போட்டார். "பதினாலு நாள் தினமும் எக்சர்சைஸ் பண்ணி, பத்து நிமிசம் வீடியோ எடுத்து அனுப்புங்க சார். பாத்துட்டுத்தான் கோர்ட்ல இறங்கலாமான்னு சொல்லுவேன். பின்னாடி தினத்தாள் காலண்டர் தெரியணும். ஒரே வீடியோவைத் தினமும் அனுப்புறவங்க இருக்காங்க."

பாலகோபாலுக்கு முதலில் அவமானமாக இருந்தது. அப்புறம் யோசனையாக இருந்தது.

அந்த ஞாயிறு மனைவி ராமாமணியும் சைத்ராவும் கோபிசெட்டிபாளையத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார்கள். கதவைத் தாழிட்டார். பதினாலு சட்டைகளைக் கட்டிலில் பரப்பினார். காலண்டரில் ஒரு தாளைக் கிழிப்பார், ஒரு சட்டையை மாட்டுவார், பத்து நிமிடம் காலைத் தூக்கி இறக்குவார். மறுபடி தாள், மறுபடி சட்டை. மாலை நாலு மணிக்குள் இரண்டு வாரம் முடிந்தது. கிழித்த தாள்களை வரிசையாக வைத்து, ஒவ்வொன்றையும் ஸ்டேப்ளரால் அடித்துக் காலண்டரிலேயே சேர்த்தார். காலத்தைப் பின்னால் தள்ளிய களைப்பில் நொண்டிக்கொண்டே போய்ப் படுத்தார்.

இரவு ராமாமணி கல்யாண வீட்டிலிருந்து திரும்பியதும் சொன்னார். "ஏனம்மிணி, நாளைல இருந்து காலைல அஞ்சரைக்கு மேல ஏழு வரைக்கும் ஊட்டுல யாரும் இருக்கப்படாது. கவனம் செதறும்."

"அதுக்கென்னங்க, நானும் பாப்பாவும் வெளிய போயிட்டு வாரோம்."

மறுநாளிலிருந்து கேட் சாத்தும் சத்தம் கேட்டதும், அன்றைய வீடியோவை அனுப்பிவிட்டுப் போர்வைக்குள் புகுந்துகொண்டார்.

பதினாலாம் நாள் ரூபினா போன் செய்தார். "சார், முதல் நாள் சிரிச்சுக்கிட்டே பண்ணினீங்க. அஞ்சாம் நாள் மூச்சு வாங்குது. பத்தாம் நாள் செவுத்தப் புடிக்கிறீங்க. இன்னைக்கு முட்டி பொங்கி நிக்குது. பயிற்சி பண்ணப் பண்ண இவ்வளவு மோசமான ஆளை நான் பாத்ததே இல்ல. கோர்ட் பக்கமே போகாதீங்க. உடனே ஸ்கேன் எடுக்கணும்."

எல்லாம் ஒரே நாளில் செய்தது என்று சொன்னால் மானம் போகும். சொல்லாவிட்டால் ஆட்டம் போகும். பாலகோபால் "சரிங்க" என்று மட்டும் சொல்லி போனை வைத்தார்.

"ஏனுங்க, அந்தப் புள்ளகிட்ட நெசத்தச் சொல்லிப்போடறதுதானுங்க?" என்றாள் ராமாமணி.

"என்ன நெசம்?"

"திங்கக்கெழம காலண்டர் கிழிக்கையிலயே வெரல்ல பின்னு குத்துச்சுங்க. செவ்வாக்கெழமயும் குத்துச்சு. பதினாலு பின்னையும் டப்பால போட்டு வெச்சிருக்கறனுங்க."

"அன்னைக்கே கேட்டிருக்கலாமில்ல?"

"இன்னைக்குச் செய்வீங்க, நாளைக்குச் செய்வீங்கன்னு பாத்தனுங்க." அவள் குரல் இறங்கியது. "பதினோரு வருசமா அதத்தானுங்க பாத்துட்டிருக்கறன். அறுவது வயசுல நீங்க செவுத்தப் புடிச்சுட்டு நடக்கறத நெனச்சா எனக்குப் பயமா இருக்குதுங்க."

பாலகோபாலுக்குச் சுருக்கென்றது. முட்டியைத் தடவிக்கொண்டார். அந்தப் பதினாலு காலைகளும் முழுசாகக் கையில் இருந்தன. ஒழுங்காகச் செய்திருந்தால் தேய்ந்த மூட்டுக்குக் கொஞ்சம் பலம் வந்திருக்கும். ஒன்றுகூடத் திரும்பி வராது.

"நாளைல இருந்து நெசமா செய்யறன் அம்மிணி."

"செய்யுங்க. ஆபரேசன் பண்ணுன காலு, ஆயுசுக்கும் செஞ்சாகோணும்."

"போட்டி? பாப்பா ஏமாந்து போயிருவாளே. கிளப்புக்குப் போன் பண்ணி பேர எடுத்துரச் சொல்லட்டுமா?"

"வேண்டாமுங்க. உங்க பேர எடுத்துப்போட்டு என் பேரக் குடுத்தாச்சுங்க."

"உன் பேரா? உனக்கு பேட்டப் புடிக்கவே தெரியாதே!"

"தெரியாமத்தானுங்க இருந்துச்சு. பதினாலு நாளா, நீங்க தூங்குன நேரத்துல, பாப்பா சொல்லிக்குடுத்துட்டா."