லிஃப்டுக்காரர் எடுத்த வீடியோ

லிஃப்ட் மெக்கானிக் அன்று வீட்டுக்குள் நுழைந்ததுமே செருப்பு ஒரு மூலைக்கும் டூல் பை ஒரு மூலைக்கும் பறந்தன.

"ஏய், ஓடி வா! நம்ம வாழ்க்கையே மாறப்போகுது!"

"முதல்ல செருப்பை எடுத்து வைங்க. அப்புறம் மாறட்டும்" என்றாள் மனைவி.

அதெல்லாம் அவர் காதில் ஏறவில்லை. கூட வேலை பார்க்கும் மூத்த மெக்கானிக், பேத்தி தன்னைத் திட்டுவதை வீடியோ எடுத்துப் போட, அது ஊரெல்லாம் ஓடிவிட்டது. அதிலிருந்து அந்த ஆளுக்குக் கால் தரையில் பாவவில்லை. நம்மவருக்கு வயிறு பற்றி எரிந்தது. "இந்த மாசத்துக்குள்ள லிஃப்டுல ஏறுறவங்க போன்ல எல்லாம் என் மூஞ்சிதான் தெரியும். இல்லேன்னா ஆயுசு முழுக்க உங்க டூல் பையை நானே சுமக்கிறேன்!" என்று எல்லார் முன்னாலும் சபதம் போட்டுவிட்டு வந்திருந்தார்.

சும்மா போட்ட சபதமில்லை. பழுது பார்க்கிற சாக்கில் லிஃப்டின் மூலையில் நின்று, அடுத்தவர் போனை எட்டிப் பார்த்துப் பார்த்தே பெரிய ஆராய்ச்சி பண்ணியிருந்தார் மனிதர்.

"குழந்தை தாத்தாவைத் திட்டுது, வீடியோ ஓடுது. முதலாளி வழுக்கி விழறாரு, ஓடுது. பூனை நாயை அறையுது, ஓடுது. ஏன்? கீழ இருக்கறது மேல போகுது, மேல இருக்கறது கீழ வருது. ஜனங்க மனசே ஒரு லிஃப்டுடி!"

"அதுக்கு?"

"வீட்டு வேலை பூரா நான் செய்யறேன். நீ கால் மேல கால் போட்டு உட்காரு. உலகத்துல எவனும் பார்க்காத காட்சி!"

"போனை யாரு பிடிக்கிறது?"

"நீதான். நாற்காலியை விட்டு அசையாதே."

அவள் உடனே நாற்காலியை இழுத்துப் போட்டாள். அங்கேயே அவர் உஷாராகியிருக்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை காலை அவள் டீயோடு உட்கார்ந்தாள். அவர் துடைப்பத்தோடு பாய்ந்தார்.

"என்னங்க, மேலாகப் பெருக்கினா நடிப்புன்னு கண்டுபிடிச்சிடுவாங்க. சோபாவை நகர்த்துங்க."

"கரெக்ட்! நிஜமா இருக்கணும்!"

"ஃபேன் இறக்கை?"

"ஏறிட்டேன்!"

"அடுப்புல பிசுக்கு?"

"இதோ தேய்க்கிறேன்!"

"பரண்?"

கல்யாணம் ஆன நாளிலிருந்து அவர் டிமிக்கி கொடுத்து வந்த பரண் அது. இன்று குரங்கு மாதிரி தாவி ஏறினார். அங்கிருந்து என்னவோ தலையில் விழ, "ஐயோ அம்மா!" என்று அலறினார். அதுவும் பதிவாகியிருக்கும் என்பதில் பரம சந்தோஷம்.

"மூஞ்சி தெளிவா தெரியுதா?"

"பளிச்சுன்னு தெரியுது."

"பார்க்கறவங்களுக்குச் சிரிப்பு வருமா?"

"எனக்கே வருது."

ராத்திரி அவர் அசதியில் சாய்ந்துவிட, வீடியோவை அவளே போட்டாள். மறுநாள் அவர் லிஃப்டில் கால் வைத்தார். உள்ளே ஒரே சிரிப்பு. எல்லார் கையிலும் அதே வீடியோ! எட்டிப் பார்த்தார்.

திரையில் அவர் மனைவி இருந்தாள். மனைவி மட்டும். நாற்காலியில் சாய்ந்து நிதானமாக டீ குடித்துக்கொண்டிருந்தாள். எங்கேயோ பின்னால் சோபா இழுபட்டது, எதுவோ தடாலென்று விழுந்தது, "ஐயோ அம்மா!" என்றது ஒரு குரல். அவள் அடுத்த வாய் டீயை உறிஞ்சினாள்.

"சூடு ஆறாம குடிக்கிறா பாருங்க, ஒருத்தரும் கூப்பிடல!" என்று ஒரு அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி முதலிலிருந்து ஓட்டினாள்.

கூட வந்திருந்த மூத்த மெக்கானிக் தன் டூல் பையைக் கழற்றி இவர் தோளில் மாட்டினார்.

நம்மவர் வீட்டுக்குப் பறந்தார்.

"என் மூஞ்சி எங்கடி?"

"கீழ இருக்கறது மேல வரணும்னு நீங்கதானே சொன்னீங்க? இந்த வீட்ல கீழ இருக்கறது யாருன்னு யோசிச்சேன். போனைத் திருப்பிட்டேன்."

"பளிச்சுன்னு தெரியுதுன்னியே!"

"தெரிஞ்சுதே, என் மூஞ்சி. இருங்க, வீடியோவுக்குக் கீழ ஒரு அம்மா என்னமோ கேட்டிருக்காங்க. 'பின்னாடி வேலை செய்யற ஆள் ரொம்ப சுத்தமா செய்யறார். எங்க வீட்டுக்கு அனுப்ப முடியுமா?'"

அவர் ஆவலாகக் கேட்டார்: "நீ என்ன பதில் போட்ட?"

"அவருக்கு வெளியில போக நேரமில்லைங்க, நாளைக்கு எங்க வீட்ல பாத்ரூம்னு போட்டேன்."