கொழும்பு கொண்டுவந்த எருமை

ராயபுரத்தில் கொழும்பிடம் திட்டு வாங்காத ஆள் ஒருவர் இருந்தால், அவர் அந்தச் சமயம் ஊரில் இல்லை என்று பொருள். துறைமுக லாரி ஹாரன் அடித்தால் இவர் திருப்பிக் கத்துவார். பெரும்பாலும் லாரிதான் முதலில் ஓயும்.

பட்டப்பெயர்தான் கொழும்பு; அவர் அந்த ஊரைப் பார்த்ததே இல்லை. மன்னாரிலிருந்து சண்டைக்குத் தப்பிப் படகில் வந்தவர். அகதி முகாமில் வளர்ந்து, காலடிப்பேட்டையில் ஒற்றை அறை வாடகை வீட்டில் மனைவி, இரண்டு பெண்களோடு குடியிருந்தார். காசிமேட்டுப் படகுகளில் பெயரும் மாதா படமும் எழுதுவது பிழைப்பு; மிச்ச நேரமெல்லாம் கான்வாஸ். யாராவது "கொழும்பண்ணே" என்று கூப்பிட்டால், "மன்னாருக்கும் கொழும்புக்கும் எவ்வளவு தூரம் எண்டு தெரியுமோ உனக்கு?" என்று ஆரம்பிப்பார். கூப்பிட்டவர் பஸ்ஸைத் தவறவிடுவார்.

நான் அவரைச் சந்தித்தது துறைமுகத்துக்குப் பின்னால் ஒரு பழைய கிடங்கில். ஓர் அறக்கட்டளை அதை வாங்கி வெள்ளையடித்து, ஓவியர்களுக்கு அறையும் சோறும் சம்பளமும் கொடுத்து மூன்று மாதம் படம் வரையச் சொன்னது. ரெசிடென்சி என்று பெயர். நான் அங்கே மேனேஜர். அதாவது சாவி, சமையல், கரண்ட் பில். கொழும்பையும் தேர்ந்தெடுத்திருந்தார்கள். அறையைத் திறந்துவிட்டதும் ஒரு சுவரிலிருந்து மறு சுவர்வரை நடந்து பார்த்தார்.

"பிள்ளை, இது முழுக்க எனக்கோ?"

"ஆமாண்ணா."

"வேற ஆரும் இஞ்ச படுக்கமாட்டினமோ?"

"மாட்டாங்க."

இன்னொரு தடவை நடந்து பார்த்தார். பிறகு ஜன்னல் கண்ணாடி அழுக்காக இருக்கிறது என்று என்னைத் திட்டினார்.

மறுநாள் அறக்கட்டளையின் இயக்குநர் அம்மா உடைந்த படகுப் பலகைகளை ஆள்வைத்துக் கொண்டுவந்து அவர் அறையில் இறக்கினார்.

"இதுல உங்க வலியை வரைங்க. அந்தக் கடல், அந்தப் பயணம். ஃபண்ட் குடுக்கறவங்க எதிர்பார்க்கறது அதைத்தான்."

"நான் வலி கீற வரேல்லை அம்மா. எருமை கீறப்போறன். முழு உயரத்தில. என்ர வீட்டுச் சுவரில அதின்ர கால்கூடக் கொள்ளாது."

அந்த அம்மா அதை ஜோக் என்று எடுத்துக்கொண்டு சிரித்துவிட்டுப் போனார். கொழும்பு பலகைகளைச் சேர்த்துக் கட்டி, ஏறி நின்று வரைய மேடை செய்துகொண்டார்.

அந்த வாரமே ஒரு காலையில் கேட்டைத் திறந்தால் எருமை நிற்கிறது. கயிற்றைப் பிடித்தபடி பால்கார மாரி.

"மேடம், கொழும்பு இட்டாரச் சொல்லிச்சு. பாத்து வரையணுமாம். இன்னா, உள்ள வுடலாமா?"

எருமை கூடாது என்று எந்த விதியிலும் இல்லை. விட்டேன். தினமும் வந்தது. பக்கத்து அறையில் ஒரு ஜெர்மன்காரர் வைக்கோலில் செய்திருந்த சிற்பத்தில் பாதியைத் தின்றது. அவர் அதைப் படைப்பின் அடுத்த கட்டம் என்று ஏற்றுக்கொண்டார்.

படம் வளர்ந்தது. கறுப்பு என்று நாம் நினைக்கும் தோலுக்குள் நீலமும் ஊதாவும் துருப்பிடித்த சிவப்பும் இருந்தன. அடுப்பில் குழம்பை மறந்துவிட்டு அதன் முன்னால் நின்றிருக்கிறேன்.

பார்வையாளர் தினத்தில் பணம் கொடுத்தவர்கள் கார்களில் வந்தார்கள். எருமைப் படத்துக்குப் பக்கத்தில் இயக்குநர் அம்மா ஓர் அட்டை ஒட்டியிருந்தார்: 'அகதியின் மௌனம்'.

கொழும்பு அதைப் படித்தார். அதற்குப் பிறகு நடந்ததை யாரும் மௌனம் என்று சொல்ல முடியாது.

"ஆருக்கு மௌனம்? மூண்டு மாசமா இந்தக் கட்டடத்தில என்ர சத்தம் விழாத காது இருக்கோ?"

வெள்ளைச் சட்டை போட்ட ஒரு கனவான் சமாதானத்துக்கு வந்தார். "சார், எருமையை யார் வேணும்னாலும் வரையலாம். உங்க அனுபவத்தை நீங்கதானே தர முடியும்?"

"அந்த வைக்கோல்காரரிட்ட அவற்ற அழுகையைக் கேட்டனீங்களோ? என்னட்ட மட்டும் ஏன் கேக்கிறியள்? அந்தப் படகில என்ர தங்கச்சியும் வந்தவள். கரைக்கு வரேல்லை. அவளை உங்கட சுவரில நான் தொங்கவிடமாட்டன்."

வெள்ளைச் சட்டைக்காரரின் முகம் மலர்ந்தது. "இதைத்தான் சார். இதையேதான் நாங்க கேட்டோம்."



கொழும்பு பலகை மேடையில் ஏறினார். படத்தை இறக்கினார். அது கதவில் நுழையவில்லை. கதவில் கை வைக்கக் கூடாது, பாரம்பரியக் கட்டடம், துணியைப் பிரித்துச் சுருட்டிக்கொண்டு போங்கள் என்றார் இயக்குநர் அம்மா. கொழும்பு போன் போட்டு வரவழைத்த மாரி வெளியே மீன்பாடி வண்டியோடு நின்றிருந்தார்.

"கதவு இன்னா மேடம், நாலு ஸ்க்ரூதானே," என்றார் என்னைப் பார்த்து.

ஸ்க்ரூடிரைவர் என்னிடம்தான் இருந்தது. கொடுத்தேன். கதவோடு என் வேலையும் கழன்றது.

இப்போது படம் திருவொற்றியூரில் மாரியின் கொட்டகைக்குள், தார்ப்பாய்க்குக் கீழே இருக்கிறது. பால் வாங்க வருபவர்கள் எட்டிப் பார்த்துவிட்டுப் போகிறார்கள். "நம்ம எரும லச்சுமிதான், மூஞ்சிதான் கொஞ்சம் கொழும்பு மாதிரி கீது" என்பார் மாரி.

கொழும்பு ஞாயிற்றுக்கிழமைகளில் எனக்குப் போன் செய்வார். புது வேலையில் ஏன் சேர்ந்தாய், குரல் ஏன் இப்படி இருக்கிறது, எல்லாவற்றுக்கும் திட்டு. போன மாதம் ஒரு ஞாயிறு போன் வரவில்லை. சாயங்காலம்வரை பொறுத்துப் பார்த்துவிட்டு நானே கூப்பிட்டேன்.

"என்ன, செத்துப்போனன் எண்டு நினைச்சியோ?" என்றார். காய்ச்சலாம். தொண்டை கட்டியிருந்தது, அதனால் திட்டு சீக்கிரம் முடிந்துவிட்டது.

இன்னும் கொஞ்சம் திட்டுங்கண்ணா என்று கேட்க வாய்வரை வந்தது.