சுந்தரலிங்கம் டிராக்டர் பேசிய படலம்

மனித குலம் நாகரிகம் அடைந்தது நெருப்பைக் கண்டுபிடித்த நாளில் அல்ல. ஒருவன் ஒரு பொருளுக்கு விலை சொல்ல, இன்னொருவன் "கொஞ்சம் பாத்துப் போடுங்க" என்று சொன்னானே, அந்த நாளில்தான். அந்த நாகரிகத்தின் சிகரம் இன்று கம்பளையில், புகையிரத நிலையத்துக்குப் பின்புறம் வசிக்கிறது. பெயர் சுந்தரலிங்கம். ஓய்வுபெற்ற களஞ்சியப் பொறுப்பாளர். வாழ்நாளில் ஒரு தடவைகூடச் சொன்ன விலைக்கு எதையும் வாங்காதவர்.

அவருடைய சாதனைகளைக் குடும்பத்தார் பயபக்தியோடு நினைவுகூருவார்கள். மகளின் கலியாணத்துக்குச் சமையல்காரரை மூன்றில் ஒரு பங்கு கூலிக்குப் பேசி முடித்தார். சாப்பாடும் மூன்றில் ஒரு பங்கு பேருக்குச் சரியாகப் போதுமானதாக இருந்தது. மாமனார் காலமானபோது சவப்பெட்டிக் கடைக்காரரோடு முக்கால் மணி நேரம் வாதாடி விலையைக் குறைத்தார். பெட்டி சற்றுக் குட்டையாக வந்தது. மாமனாருக்குக் காலை மடக்கிப் படுப்பதுதான் எப்போதும் பிடிக்கும் என்பது அன்றைக்குத்தான் எல்லோருக்கும் ஞாபகம் வந்தது.

இப்படிப்பட்டவரின் தங்கை மகள் சுகிர்தா, ஒரு டிராக்டர் வாங்க நினைத்தபோது, நேரே கடைக்குப் போய்ப் பணத்தைக் கொடுத்து வாங்கிவிடலாம் என்று எண்ணினாள். ஜோர்தானில் ஆறு வருடம் கார்மென்ட்ஸில் தைத்துவிட்டு வந்த பிள்ளை. ஊர் முறை தெரியாது.

அந்தச் சம்பாத்தியத்தில் அவள் கம்பளைக்கு மேலே மலைச்சரிவில் பதினொரு பசுக்கள் வைத்துப் பால் விற்று வந்தாள். பசுக்கள் நல்ல பசுக்கள். பால் மட்டும் கொடுத்தால் இன்னும் நல்ல பசுக்களாக இருந்திருக்கும். சாணி அள்ளிய இரண்டு பேரும் கொழும்புக்குப் போய்விட, கொட்டிலுக்குப் பின்னால் ஒரு குட்டி மலை எழும்பியது. மழை பெய்தால் அந்த மலை கரைந்து கீழே இருக்கும் வீடுகளுக்கு விருந்துக்குப் போனது. கீழ்வீட்டுக்காரர்கள் முறையிட, பொதுச் சுகாதாரப் பரிசோதகர் அரூஸ் வந்து மூக்கைப் பொத்திக்கொண்டு பார்த்தார். மாத முடிவுக்குள் குவியலை அகற்றாவிட்டால் கொட்டிலை மூட வேண்டிவரும் என்று சொல்லிவிட்டார். ஜேசிபி நுழைய வழி அகலம் போதாது. முன்பக்கம் மண் அள்ளும் வாளி, அதாவது லோடர், பூட்டிய சின்ன டிராக்டர் ஒன்று மட்டும்தான் அந்த ஒற்றைப் பாதையில் போகும். ஆகவே சுகிர்தாவுக்குத் தேவைப்பட்டது மிகவும் எளிமையான ஒன்று.

எளிமையான விஷயங்களைத் தனியாகச் செய்ய விடுவது குடும்ப முறை அல்ல. சுந்தரலிங்கம் உடனே ஒரு "கொள்வனவுக் குழு" அமைத்தார். தலைவர் அவரே. தொழில்நுட்ப ஆலோசகராக மருமகன் தினேஸ் நியமிக்கப்பட்டார். அவருடைய தகைமை, போனில் டிராக்டர் வீடியோக்களை விடாமல் பார்த்திருந்தது. கூடவே அவரிடம் ஒரு த்ரீவீலரும் இருந்தது. பணம் கொடுக்கப் போகும் சுகிர்தாவுக்கு "பார்வையாளர்" என்ற அந்தஸ்து வழங்கப்பட்டது.

"புள்ள, ஒரே ஒரு விஷயம்," என்றார் சுந்தரலிங்கம், குண்டசாலைக் கடை வாசலில் இறங்கும்போது. "சாமான் புடிச்சிருக்குன்னு மொகத்துல காட்டிறாத. வேப்பெண்ண குடிச்ச மாதிரியே இரு."

கடை முதலாளி நஸீப் சிரித்த முகத்தோடு கதிரை போட்டார். "வாங்க ஐயா, இரிங்க. டீ குடிப்போமா?"

"வேண்டாங்க," என்றார் சுந்தரலிங்கம். டீ குடித்தால் குரல் இளகிவிடும் என்பது அவருடைய அனுபவம்.

தெரிவுப் படலம் தொடங்கியது. பச்சை டிராக்டரைத் தலைவர் பார்த்த மாத்திரத்தில் நிராகரித்தார். தேயிலைக்குள் நிறுத்தினால் பிறகு தேடவேண்டி வரும். நீலத்தில் ஏறி உட்கார்ந்து பார்த்தார். இருக்கை இடுப்புக்குச் சரிவரவில்லை. ஓட்டப்போவது தான் அல்ல என்ற சிறு விவரம் அவருடைய ஆய்வைப் பாதிக்கவில்லை. சிவப்பு மிஞ்சியது. தொழில்நுட்ப ஆலோசகர் அதன் டயரை நான்கு பக்கமும் உதைத்துவிட்டுத் தமது அறிக்கையைச் சமர்ப்பித்தார்.

"காத்து இருக்கு மாமா."

"ஹோர்ன்?"

தினேஸ் ஹோர்னை அமுக்கினார். கடையில் இருந்த எல்லோரும் துள்ளினார்கள். திருப்திகரம்.

"இது ஒரு தரத்துல எவ்வளவு அள்ளும்ங்க?" என்று சுகிர்தா கேட்டாள்.

"அதெல்லாம் பொறகு," என்றார் சுந்தரலிங்கம்.

நஸீப் அவர் சொன்னதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. சுகிர்தாவை மேலே ஏற்றி, ஒரு நெம்புகோலைக் காட்டினார். அவள் மெல்ல இழுத்தாள். முன்வாளி முனகிக்கொண்டு மேலே எழும்பியது. இன்னும் இழுத்தாள். வாளி தலைக்கு மேலே போய்க் கவிழ்ந்தது. சுகிர்தா வாய்விட்டுச் சிரித்துவிட்டாள். இத்தனை நாளும் முதுகு ஒடியக் கூடையில் சுமந்தவள், பாவம், சிரிப்பு வராதா? சுந்தரலிங்கம் கண்ணை மூடிக்கொண்டார். அந்தச் சிரிப்பு ஒரு லட்சம் ரூபாய் நட்டம்.

"நாப்பத்தெட்டு லட்சம் ஐயா," என்றார் நஸீப். "லோடரோட, கூரையோட, எல்லாத்தோடயும்."

"முப்பது."

"ஐயா, வல்லாஹி, அது இது கப்பல்ல ஏறக்குள்ளேயே போன வெல."

"அப்ப நாங்க வர்றோம்."

இங்கேதான் சுந்தரலிங்கத்தின் புகழ்பெற்ற ஆயுதம் வெளியே வந்தது. எழுந்து நடப்பது. திரும்பிப் பார்க்காமல் நடப்பது. வாசல் தாண்டுமுன் கடைக்காரன் கூப்பிட்டே தீருவான் என்பது இயற்கை விதி. துணிக்கடையிலும் பாத்திரக்கடையிலும் இந்த விதி ஒருநாளும் பொய்த்ததில்லை. குழு எழுந்தது. நடந்தது. வாசல் தாண்டியது.

நஸீப் கூப்பிடவில்லை. அவருடைய வாப்பா கட்டுகஸ்தோட்டையில் துணி விற்றவர். நடந்து போகிற ஆட்களின் முதுகைப் பார்த்தே வளர்ந்த பிள்ளை அவர். நிதானமாக டீயை ஊதிக் குடித்தார்.

"மாமா, கூப்பிடலையே," என்றாள் சுகிர்தா.

"திரும்பாத! திரும்பினா தோத்தோம்."

"மாமா, நம்ம த்ரீவீலர் உள்ளுக்குத்தானே நிக்குது?" என்றார் தினேஸ்.

அது உண்மைதான். த்ரீவீலர் பகைவர் முற்றத்தில், நஸீபின் கதிரைக்குப் பக்கத்திலேயே நின்றது. அதை எடுக்கத் திரும்பினால் மானம் போகும். ஆகவே குழு வெயிலில் பஸ் தரிப்பிடம் வரை நடந்தது. அங்கே இன்னொரு சிக்கல். பஸ் வந்தும் ஏறாமல் நின்றால், கூப்பிடுவதற்காகக் காத்து நிற்கிறோம் என்பது கடைக்குத் தெரிந்துவிடும். முதலில் வந்த பஸ் திகனைக்குப் போகிற பஸ். கம்பளை நேர் எதிர்த் திசை. குழு கம்பீரமாக அதில் ஏறித் திகனைக்குப் போனது. அங்கே ஆளுக்கு ஒரு பிளேன்டீ குடித்துவிட்டு, வந்த வழியே கண்டிக்குத் திரும்பும்போது, குண்டசாலைக் கடையைத் தாண்டுகையில் தலைவரின் உத்தரவுப்படி மூவரும் பஸ்ஸுக்குள் குனிந்துகொண்டார்கள்.

மறுநாள் த்ரீவீலரை "மீட்கும்" பணிக்குச் சுந்தரலிங்கமும் தினேஸும் மட்டும் போனார்கள். அன்று பசு ஒன்று கன்று ஈன்றதால் சுகிர்தா வரமுடியவில்லை. முற்பணத்தைக் கொடுத்தனுப்பி, "மாமா, பேரம் பேசினது போதும், அவரு கேக்கறதக் குடுத்துட்டு வந்துருங்க," என்று சொல்லியிருந்தாள். பெண்கள் பதற்றத்தில் இப்படி எதையாவது சொல்வதுண்டு என்று சுந்தரலிங்கம் பெருந்தன்மையோடு மன்னித்துவிட்டார்.

நஸீபும் இரவு யோசித்திருந்தார் போலிருக்கிறது.

"சரி ஐயா, ஒங்களுக்காக ஒண்டரை லட்சம் கொறைக்கிறேன். மேல் கூரையக் கழட்டிருவோம்."

"கழட்டுங்க."

"டூல் பெட்டி, முன்னுக்குப் பூட்டுற பாரக்கட்டி, முதல் சர்வீஸ், இதெல்லாம் எடுத்தா இன்னும் ஒண்டரை."

"எடுங்க, எடுங்க."

"இனி கொறைக்க ஒண்டுமில்ல. லோடர் மட்டும்தான் ஈக்கி."

"அது எவ்வளவு?"

"ஒம்பது லட்சம்."

சுந்தரலிங்கத்துக்குப் புல்லரித்தது. ஒரே வெட்டில் ஒன்பது லட்சம்! கண்டி மாவட்டத்தில் எந்தத் தாயின் பிள்ளை இதைச் சாதித்திருக்கிறான்?

"மாமா," என்று தினேஸ் காதுக்குள் சொன்னார், "சாணி அள்ளத்தானே வந்தோம். அது இல்லாட்டி..."

"மாப்புள! யாவாரம் நடக்கிற எடத்துல தேவையப் பத்திப் பேசாதீங்க. தேவ தெரிஞ்சா வெல ஏறிரும்."

நஸீபுக்கே மனசு கேட்கவில்லை. "ஐயா, நான் சும்மா கணக்குக்குச் சென்னேன். லோடரில்லாம இது அந்தப் புள்ளக்கிச் சரிவராது."

"பாத்தீங்களா மாப்புள, கழட்டப் பயப்படுறாரு. லாபத்த அங்கதான் ஒளிச்சு வச்சிருக்காரு. கழட்டுங்க முதலாளி!"

கழட்டினார்கள். முப்பத்தாறு லட்சத்துக்குப் பேச்சு முடிந்தது. சுந்தரலிங்கம் அப்போதுதான் டீ குடித்தார். இரண்டு கோப்பை.

"பன்னெண்டு லட்சம் கொறைச்சிட்டேன் புள்ள!" என்று போனில் முழங்கினார்.

"லோடரும் சேத்துதானே மாமா?"

"லோடர் என்னா லோடர், வண்டியே வருது!"

வண்டி வந்தது. மாலை போட்டு, தேங்காய் உடைத்து, சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்தார்கள். சுகிர்தா முன்னால் போய் நின்று பார்த்தாள். பின்னால் போய்ப் பார்த்தாள். குனிந்து அடியிலும் பார்த்தாள். பிறகு வீட்டுக்குள் போய் நஸீபுக்குப் போன் எடுத்தாள். அந்த லோடரைக் கழட்டிய அன்று பின்னேரமே கலகெதரயில் இருந்து ஒருவர் வந்து, விலையே பேசாமல் ஏற்றிக்கொண்டு போய்விட்டாராம். அடுத்தது வர இரண்டு மாதம் செல்லுமாம். அவள் வெளியே வந்து வாசற்படியில் உட்கார்ந்து அழுதாள். சந்தோஷம் தாங்கவில்லை என்று சுந்தரலிங்கம் விளங்கிக்கொண்டார்.

மாத முடிவன்று அரூஸ் வந்தார். வேலிக்கு அப்பால் கீழ்வீட்டுக்காரர்களும் திரண்டு நின்றார்கள். அவர் குவியலைப் பார்த்தார். அதைச் சுற்றிச் சுற்றி ஓடிக்கொண்டிருந்த சிவப்பு டிராக்டரைப் பார்த்தார். சுகிர்தாவின் முகத்தைப் பார்த்தார். மனுஷன் இளகிவிட்டார்.

"சரி, பாவம். மெஷினும் எடுத்தீக்கிறீங்க. இன்னும் பதினாலு நாள் தாரேன்."

சுகிர்தாவுக்கு உயிர் வந்தது. பதினாலு நாள் இருந்தால் ஆள் பிடித்துக் கூடையிலாவது சுமந்து முடித்துவிடலாம். கும்பிடக் கையைத் தூக்கினாள். ஆனால் அதற்குள் சுந்தரலிங்கத்தின் காதில் ஓர் எண் விழுந்துவிட்டது.

"பதினாலா? என்னாங்க நீங்க, அநியாயமா இருக்கு! ஏழு."

அரூஸ் திகைத்தார். "ஏழு நாள் போதுமா?"

"மாமா!" என்று சுகிர்தா அலறினாள். "சேர், பதினாலே இருக்கட்டும் சேர்!"

"நீ சும்மா இரு புள்ள, ஒனக்குப் பேசத் தெரியாது. சேர், ஏழும் ஜாஸ்தி. நாவலப்பிட்டிப் பக்கம் மூணுக்கே குடுக்கிறாங்க."

"மூணு நாளா? அப்பிடி எழுதினா எனக்கு ஈவிரக்கம் இல்லன்டு செல்லுவாங்க ஐயா. அஞ்சு போடுறேன்."

"நாலு. முடியாட்டி சொல்லுங்க, நாங்க வர்றோம்." சுந்தரலிங்கம் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு விறுவிறு என்று நடந்தார். சொந்த மருமகளின் கொட்டிலில் இருந்து எங்கே போகிறார் என்பது அவருக்கே தெரியாது.

"நில்லுங்க ஐயா!" என்று அரூஸ் கூப்பிட்டார். "நாலு!"

வேலிக்கு அப்பால் பலத்த கைதட்டல். இத்தனை சாட்சிகள் கேட்ட பிறகு மாற்றி எழுத அரூஸுக்கு வழியில்லை. சுந்தரலிங்கம் வெற்றிப் புன்னகையோடு திரும்பி வந்தார். கூப்பிட்டுவிட்டார்கள் அல்லவா? குண்டசாலையில் பட்ட அவமானம் அன்றோடு துடைக்கப்பட்டது.

அடுத்த நாலு நாளும் சுகிர்தாவும் தினேஸும் மம்பட்டி பிடித்தார்கள். கூடையில் அள்ளி, பாதை முனைவரை சுமந்து, மழையில் வழுக்கி விழுந்து, மறுபடி அள்ளினார்கள். சுந்தரலிங்கம் கதிரை போட்டு உட்கார்ந்து மேற்பார்வை செய்தார். குவியலில் கால்வாசி குறைந்தது. கொட்டில் மூடப்பட்டது. மாட்டுத் தரகர்கள் வந்து, அவசரத்தை மோப்பம் பிடித்து, தங்களுக்குச் சரியென்று பட்டதைக் கொடுத்துவிட்டு ஓட்டிக்கொண்டு போனார்கள். கன்றுக்குட்டியை இலவசமாகக் கேட்டார்கள். அதையும் கொடுக்க வேண்டி வந்தது.

இத்தகைய சேவையை ஊர் மறக்குமா? நலன்புரிச் சங்கம் சிறப்புக் கூட்டம் கூட்டி, பன்னிரண்டு லட்சத்தைக் குறைத்த சுந்தரலிங்கத்துக்கு "பேரப் பேரரசர்" என்ற பட்டம் வழங்கியது. தலைவர் உரை, செயலாளர் உரை, நன்றியுரை எல்லாம் நடந்தன. பயனாளி என்ற முறையில் பொன்னாடை போர்த்தும் பேறு சுகிர்தாவுக்குக் கிடைத்தது. அவள் மேடை ஏறி, தான் வாங்கி வந்த பொன்னாடையை அவர் தோளில் போட்டாள். சுந்தரலிங்கம் அதன் கரையை விரலால் தடவிப் பார்த்தார். பழக்க தோஷம், வாய் தானாகக் கேட்டது.

"என்னா வெல புள்ள?"

"பதினொரு மாடு, மாமா."

சுந்தரலிங்கம் வேதனையோடு தலையை ஆட்டினார்.

"ரொம்ப ஜாஸ்தி. என்னையக் கூட்டிட்டுப் போயிருந்தா ஆறோட முடிச்சிருப்பேன்."