சிக்னல் அண்ணனும் ஜன்னலோரக் கன்டெய்னரும்

என்னைக் கோபப்படுத்துவதில் இராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை ‘சிக்னல்’ அண்ணனை மிஞ்ச ஓர் ஆள் பிறக்கவில்லை. கம்ப்யூட்டர் ரிப்பேர் செய்பவர். நிஜப் பெயர் அவருக்கே ஞாபகம் இருந்ததா என்பது சந்தேகம்.

இரண்டாயிரத்துக்குப் பிந்தைய வருடங்கள். திருவொற்றியூர் மெயின் ரோட்டில் ஓர் ஏற்றுமதி ஆபீஸில் நான் கிளார்க். ரோட்டுக்கு அந்தப் பக்கம் எங்கள் கோடவுன். இரண்டு இடத்துக் கம்ப்யூட்டர்களையும் கம்பியில்லாமல் இணைப்பதற்காக, தெற்கத்திக்காரரான எங்கள் முதலாளி இங்கே ஜன்னலில் ஒரு வயர்லெஸ் பெட்டியும் அங்கே ஜன்னலில் ஒரு பெட்டியும் மாட்டினார். மாட்டிய அன்று பிரமாதம். மறுநாளிலிருந்து இணைப்பு நினைத்தால் வரும், நினைத்தால் போகும். கோடவுன் விவரம் நேரத்துக்கு வராமல் ஒரு சரக்கு கப்பலைத் தவறவிட்டது. முதலாளிக்கு உடனே குற்றவாளி கிடைத்துவிட்டான். ஜன்னல் பக்கத்தில் உட்கார்ந்திருந்த நான்தான்!

“வேலைக்கு டிமிக்கி குடுக்க நீதாம்ல பொட்டி வயரப் புடுங்குத! சனிக்கெழமையோட கெளம்பிரு!”

இந்த லட்சணத்தில்தான் சிக்னல் வந்து சேர்ந்தார். முதலாளி அவரிடமும் அதே வயர்க் கதையைச் சொன்னார். காற்றில் வரும் சிக்னலைக் கோடாக ஏற்றி இறக்கிக் காட்டும் சாஃப்ட்வேர் ஒன்று அவர் லேப்டாப்பில் இருந்தது. திறந்த லேப்டாப்பைக் கற்பூரத் தட்டுபோல் ஏந்திக்கொண்டு மூலை மூலையாகப் போனார். என் இரும்பு பீரோவை முறைத்தார்.

“இத்த நவுத்து நைனா. இதான் சிக்னல துன்னுது.”

நகர்த்தினேன். ஒன்றும் மாறவில்லை. என் மேஜையைக் கக்கூஸ் வாசலுக்குத் தள்ளினார். அப்போதும் மாறவில்லை. அடுத்து என் சாப்பாட்டு கேரியர்.

“எவர்சில்வர் ஆவாதுபா. வெளிய வையி.”

வைத்தேன். தெருநாய் உருட்டிக் காலி செய்தது. வேலை போகப்போகிறவனுக்குச் சோறும் போனால் எப்படி இருக்கும்?

“யோவ், என் பொழப்பே நாறிக்கினு கீது. நீ என் சோத்துல கைய வெக்கிறியா?” என்று கத்தினேன்.

“கம்முனு இரு மாமு! கோடு வுயுந்துச்சு பாரு!”

கோடு தரைமட்டம். நான் காலி கேரியரோடு வாசலில் நிற்கிறேன். பெட்டியின் பக்கத்தில் யாருமே இல்லை. ஜன்னல் மட்டும் இருட்டாக இருந்தது. துறைமுகத்துக்குப் போகும் வரிசையில் ஒரு கன்டெய்னர் லாரி வந்து, ஜன்னலை அடைத்தபடி நின்றுவிட்டது.

சிக்னல் முதலாளியின் கையைப் பிடித்து ரோட்டுக்கே இழுத்துப் போனார். “ட்ரைவரண்ணே, கொஞ்சம் முன்னால போ!” லாரி நகர்ந்தது, கோடு எழுந்தது. அடுத்த லாரி வந்தது, கோடு படுத்தது. டிரைவர்கள் சிக்னலின் பரம்பரையையே விசாரித்தார்கள். உச்சி வெயிலில் நின்று, லாரிக்கு லாரி கோட்டைக் காட்டினார் அவர்.

“பொட்டி என்னிக்கு சார் மாட்ன?”

“லாரி ஸ்டிரைக் அன்னைக்கு. ரோடு காலியா கெடந்துச்சு” என்றார் முதலாளி.

என்ன அநியாயம் பாருங்கள்! லாரி நிற்காத திருவொற்றியூரை நம்பிப் பெட்டி மாட்டிவிட்டு, என் கழுத்துக்குக் கத்தி வைத்தார்கள். பெட்டிகள் மொட்டைமாடிக்குப் போயின. எனக்கு வேலை தப்பியது. முதலாளியிடமிருந்து மன்னிப்பு என்று ஒரு வார்த்தை வரவில்லை.

பெட்டி பழுது என்று சொல்லிப் புதிது ஒன்றை விற்றுவிட்டுப் போகாமல் ஏன்யா வெயிலில் காய்ந்தாய் என்று சிக்னலிடம் எரிந்து விழுந்தேன்.

“ஒயரப் புடுங்குற மூஞ்சியாடா உன்து? பாத்தாலே தெர்ல?”

அந்த வாரம் என் வீட்டுக்காரிகூட என்னைச் சந்தேகமாகத்தான் பார்த்தாள். சந்தேகப்படாத ஒரே ஆள் அவர்தான்.