ஐஸ் பெட்டியில் ஈரல்

"ஆட்டு ஈரல்! அதுவும் இளங்கிடா ஈரல்!"

செக்காலைத் தெரு முழுக்கக் கேட்கும்படி சிட்டாள் ஆச்சி கத்தியபோது, கார்த்திகேய சிவம் ஐஸ் பெட்டியின் மூடியைக் கையில் பிடித்தபடி நின்றான்.

ஆச்சி அவனுக்கு மாமியாராகப் போகிறவள். தீட்சை வாங்கிக் கறி, மீனை விட்ட வீடு. சுத்த சைவ மாப்பிள்ளையாகத் தேடிப் பிடித்துத்தான் மகள் அக்ஷராவைப் பேசி முடித்திருந்தாள். பொங்கல் கழித்துக் கல்யாணம். மாப்பிள்ளையோ இரண்டு வாரமாக விடியலில் கறிக்கடைக்குப் போகிறார்! தெருவில் யாருக்குத்தான் கண் இல்லை? இன்று ஆச்சியே ஸ்கூட்டரை மறித்துவிட்டாள்.

"திங்க இல்ல அயித்தை. ஆராய்ச்சிக்கு."

"ஈரல்ல என்ன ஆராய்ச்சி?"

அவன் பாடமே நடத்தினான். "செல்லுக்குள்ள மைட்டோகாண்ட்ரியான்னு ஒண்ணு, உடம்போட அடுப்பு மாதிரி. அது பழுதானா மருந்து அங்க போகணும். ஆனா ரெண்டு சுவரு, கண்டதை உள்ள விடாது. அது விடுற மாதிரி பெப்டைடுன்னு குட்டிப் புரதம் செஞ்சு, அது முதுகுல மருந்தை ஏத்தி அனுப்புறேன். போகுதான்னு பாக்கப் புது ஈரல் வேணும்."

"அடுப்புங்கிறீக, புது ஈரல்ங்கிறீக. சமைக்கிறேன்னு சொல்ல இம்புட்டுச் சுத்தணுமா?"

பின்சீட்டிலிருந்த ஆய்வுக்கூட நண்பன் ஜான் பீட்டர் காப்பாற்ற இறங்கினான். "சத்தியமா இவன் தின்கிறதில்ல ஆச்சி. கையளவு அரைச்சுக்குவோம். மிச்சத்தை எங்க வீட்ல மிளகு போட்டு வறுத்துருவோம்."

"அரைக்கவும் வறுக்கவும் ஆள் இருக்கு, இவரு வேடிக்கை பாப்பாராக்கும்! பேசினதெல்லாம் இதோட சரி. வேற பொண்ணு பாத்துக்கங்க!"

மாடி ஜன்னலில் அக்ஷரா வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள். அழுகையா சிரிப்பா தெரியவில்லை. இரண்டு சுவரைத் தாண்டுகிற பெப்டைடைச் செய்தவனுக்கு இந்த ஒரு வாசலைத் தாண்ட வழியில்லை.

"கடைக்காரர் சோணையைக் கேளுங்க அயித்தை. எதுக்கு வாங்குறேன்னு அவருக்குத் தெரியும்."

ஆச்சியின் குரல் சட்டென்று இறங்கியது. "அந்தாளு எதுக்கு இங்குட்டு? வேணாம், வேணாம்."

அதற்குள் ஜான் பீட்டர் தெருமுனைக்கு ஓடிவிட்டான்.

சோணை துண்டில் கையைத் துடைத்தபடி வந்தான். கூடி நின்றவர்களைப் பார்த்தான். யாரும் வாய் திறப்பதற்கு முன்பே ஆச்சியைக் கும்பிட்டான்.

"கோவிச்சுக்கிறாதீக ஆச்சி. உங்களுக்குன்னு எடுத்து வைக்கிற ஈரலைத்தான் ரெண்டு வாரமா இவரு முந்திக்கிட்டு வாங்கிட்டுப் போயிடுறாரு. நாளையிலருந்து பழையபடி பின்வாசல்ல குடுத்துர்றேன்."

பொங்கல் வரை யாரும் காத்திருக்கவில்லை. கார்த்திகையிலேயே கல்யாணம் முடிந்தது. மாப்பிள்ளையும் பெண்ணும் பெங்களூருக்குக் குடிபோனார்கள், ஐஸ் பெட்டியை மட்டும் மாமியாருக்கு விட்டுவிட்டு.